ஸ்ட்ரெப்டோமைசின்

ஸ்ட்ரெப்டோமைசின் என்பது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து ஆகும். இது 1943 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. காச நோயை எதிர்த்துச் செயல்படுவதாக அறியப்பட்ட முதல் நுண்ணுயிர் எதிர்ப்பி இதுவே. வேதியியல் அடிப்படையில் இது அமினோகிளைக்கோசைடு என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் முதலில் கண்டறியப்பட்ட மருந்தும் இதுவாகும்.

மருத்துவ வரலாற்றில் ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டு காரணங்களுக்காக முக்கியத்துவம் பெறுகிறது. முதலாவது, பல நூற்றாண்டுகளாக மருந்தே இல்லாதிருந்த ஒரு கொடிய நோய்க்கு இது மருந்தாக அமைந்தது. இரண்டாவது, ஒரு நல்ல மருந்தைத் தனியாகவும் திட்டமின்றியும் பயன்படுத்தினால் பாக்டீரியாக்கள் சில மாதங்களுக்குள் அதனை வென்றுவிடும் என்பதை இம்மருந்தே மருத்துவ உலகிற்குத் தெளிவாக உணர்த்தியது.

பெயர்க்காரணம்

கிரேக்க மொழியில் ஸ்ட்ரெப்டோஸ் என்பது முறுக்கப்பட்டது என்றும், மைக்கீஸ் என்பது பூஞ்சை என்றும் பொருள்படும். இவ்வகை உயிரிகள் பூஞ்சையைப் போல இழைகளாக வளர்வதால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பேரினப் பெயர் ஏற்பட்டது. எனினும் இவை பூஞ்சைகள் அல்ல; பாக்டீரியாக்களே. மருந்தின் பெயர் இப்பேரினப் பெயரிலிருந்து உருவாக்கப்பட்டது. கிரிசியஸ் என்னும் இலத்தீன் சொல் சாம்பல் நிறத்தைக் குறிக்கும்.

மழை பெய்தவுடன் எழும் மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருள் ஒரு முக்கியக் காரணமாகும். அதனை உருவாக்கும் மண்வாழ் உயிரிகளில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினமும் ஒன்று.

கண்டுபிடிப்பு

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியராக இருந்தவர் செல்மன் வாக்ஸ்மன். ஒரு கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இடத்திற்கும் உணவிற்கும் போட்டியிட்டு வாழ்கின்றன. இவற்றுள் சில, பிற நுண்ணுயிர்களைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. இத்தகைய பொருள்களை ஒழுங்குமுறையாகத் தேடும் பணியை வாக்ஸ்மன் குழு மேற்கொண்டது. இக்குழு 1940 இல் ஆக்டினோமைசினையும் 1942 இல் ஸ்ட்ரெப்டோதிரிசினையும் பிரித்தெடுத்தது. ஆனால் இவ்விரண்டும் உடலுக்கு நச்சுத்தன்மை மிக்கவையாக இருந்ததால் நோய்த்தொற்றுகளுக்கு மருந்தாகவில்லை.

அப்போது பெனிசிலின் அறிமுகமாகியிருந்தது. எனினும் அது காச நோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் மீது பயன் தரவில்லை. கிராம்-எதிர் பாக்டீரியாக்கள் பலவற்றின் மீதும் அது செயல்படவில்லை. இக்குறையை நிரப்பும் மருந்தைத் தேடும் பணியில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் ஆராய்ச்சி மாணவர் ஈடுபட்டார். அப்போது அவருக்கு வயது 23. காச நோய்க் கிருமிகளைக் கையாள வேண்டியிருந்ததால் அவர் கட்டடத்தின் அடித்தள ஆய்வறையில் தனித்துப் பணிபுரிந்தார்.

1943 அக்டோபர் 19 அன்று ஷாட்ஸ் இரண்டு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் வகைகளிலிருந்து புதிய நுண்ணுயிர் எதிர்ப்பியைக் கண்டறிந்தார். ஒரு வகை நன்கு எருவிட்ட வயல் மண்ணிலிருந்தும், மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் கிடைத்தவை. இக்கண்டுபிடிப்பை அறிவித்த ஆய்வுக் கட்டுரை 1944 சனவரியில் வெளியாயிற்று. அதில் ஷாட்ஸ், எலிசபெத் புகி, வாக்ஸ்மன் ஆகிய மூவரின் பெயர்களும் இதே வரிசையில் இடம்பெற்றன.

மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஃபெல்ட்மன், கார்வின் ஹின்ஷா ஆகியோர் இம்மருந்தைக் காச நோய் ஏற்றப்பட்ட கினி எலிகளில் சோதித்தனர். முடிவுகள் ஊக்கமளித்ததைத் தொடர்ந்து, 1944 நவம்பரில் கடும் காச நோயுற்ற இளம்பெண் ஒருவருக்கு மருந்து அளிக்கத் தொடங்கினர். அவர் நோயிலிருந்து மீண்டார்.

உற்பத்தியும் காப்புரிமையும்

வாக்ஸ்மனின் ஆய்வுகளுக்கு மெர்க் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனம் உதவி வந்தது. 1939 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆய்வகத்தில் கண்டறியப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் உரிமை மெர்க் நிறுவனத்திற்குச் செல்ல வேண்டும். ஆனால் உலகெங்கும் காச நோயாளிகள் காத்திருந்த நிலையில், ஒரே நிறுவனம் தேவையான அளவு மருந்தை உற்பத்தி செய்ய இயலாது என்ற கவலை எழுந்தது. உடன்பாட்டை மாற்றுமாறு வாக்ஸ்மன் கேட்டுக்கொண்டதை ஏற்று, மெர்க் நிறுவனம் 1946 இல் தன் தனியுரிமையை விட்டுக்கொடுத்தது. உரிமை ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் சார்ந்த அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அவ்வமைப்பு பல நிறுவனங்களுக்கும் உற்பத்தி உரிமம் வழங்கி, அதற்கான உரிமத்தொகையைப் பெற்றது.

அமெரிக்கக் காப்புரிமை 1948 செப்டம்பர் 21 அன்று ஷாட்ஸ், வாக்ஸ்மன் ஆகிய இருவரின் பெயரிலும் வழங்கப்பட்டது. பல நிறுவனங்கள் போட்டியிட்டு உற்பத்தி செய்ததால் மருந்து தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது.

ஸ்ட்ரெப்டோமைசினின் வெற்றிக்குப் பின் பெரிய மருந்து நிறுவனங்கள் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மண் மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்தன. பார்க்-டேவிஸ் நிறுவனத்தின் குளோராம்பெனிக்கால், லெடர்லி நிறுவனத்தின் குளோர்டெட்ராசைக்கிளின், எலி லில்லி நிறுவனத்தின் எரித்ரோமைசின் ஆகியவை இத்தேடலில் கிடைத்தவை. குளோர்டெட்ராசைக்கிளின் கண்டறியப்பட்ட காலத்தில் லெடர்லி ஆய்வுப் பிரிவின் இயக்குநராக இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ் ஆவார்.

உரிமை வழக்கு

காப்புரிமையில் பெயர் இருந்தும், உரிமத்தொகையில் ஷாட்ஸுக்குப் பங்கு அளிக்கப்படவில்லை. வாக்ஸ்மன் பங்கு பெற்று வருவதை அறிந்த ஷாட்ஸ் 1950 மார்ச்சில் வழக்குத் தொடுத்தார். தன் பேராசிரியர் மீதே மாணவர் வழக்குத் தொடுத்தது அறிவியலாளரிடையே பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஷாட்ஸ் சட்டப்படி இணைக் கண்டுபிடிப்பாளராக ஏற்கப்பட்டார். அவருக்கு உரிமத்தொகையில் 3 விழுக்காடும், வாக்ஸ்மனுக்கு 10 விழுக்காடும், ஆய்வகத்தில் பணியாற்றிய ஏனையோருக்கு 7 விழுக்காடும் பகிரப்பட்டன.

எனினும் 1952 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. வழக்கிற்குப் பின் ஷாட்ஸ் முன்னணி ஆய்வகங்களில் இடம் பெற இயலாமல் போனது. நெடுங்காலத்திற்குப் பின்னர், 1994 இல், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தன் பதக்கத்தை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. அவர் 2005 இல் காலமானார். 2019 இல் நியூ ஜெர்சி மாநிலம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸைத் தன் மாநில நுண்ணுயிராக அறிவித்தது.

செயல்படும் விதம்

ஒவ்வோர் உயிரணுவிலும் ரைபோசோம் என்னும் நுண்ணமைப்பு உள்ளது. மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட செய்தியை வாசித்து, அதற்கேற்ப அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதங்களை உருவாக்குவது இதன் பணி. ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியா ரைபோசோமின் சிறிய துணை அலகுடன் பிணைகிறது. இதனால் செய்தி பிழையாக வாசிக்கப்பட்டு, தவறான அமினோ அமிலங்கள் கோக்கப்படுகின்றன. பழுதான புரதங்கள் குவிவதால் பாக்டீரியா இறக்கிறது. மனித உயிரணுக்களின் ரைபோசோம் வேறுபட்ட அமைப்புடையது என்பதால் அது இவ்வாறு பாதிக்கப்படுவதில்லை.

இம்மருந்து பாக்டீரியாவின் உள்ளே செல்வதற்கு ஆக்சிசன் சார்ந்த ஆற்றல் தேவைப்படுகிறது. ஆகவே ஆக்சிசன் இன்றி வாழும் பாக்டீரியாக்கள் மீது இது செயல்படாது. வைரசுகளுக்கு ரைபோசோம் இல்லை என்பதால் அவற்றின் மீதும் இதற்குப் பயன் இல்லை. வாய்வழியாக உட்கொண்டால் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. எனவே தசையில் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது.

பிரித்தானிய ஆய்வு, 1947-1948

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவிடம் போதிய டாலர் இருப்பு இல்லை. எனவே மிகக் குறைந்த அளவு ஸ்ட்ரெப்டோமைசினையே அந்நாட்டால் வாங்க முடிந்தது. அனைவருக்கும் கொடுக்க மருந்து இல்லாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்னும் கேள்வி எழுந்தது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இந்நிலையை ஒரு முறையான ஆய்வாக மாற்றியது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த திட்டப்படி, எந்த நோயாளிக்கு மருந்து என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்து, முடிவுகளை மூடிய உறைகளில் வைத்தனர். இதனால் மருத்துவரின் விருப்பு வெறுப்புகள் தேர்வில் நுழைய இடமில்லாமல் போனது.

மொத்தம் 107 நோயாளிகள் இவ்வாய்வில் பங்கேற்றனர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் அளிக்கப்பட்டன. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். முடிவுகள் 1948 அக்டோபரில் வெளியாயின. இன்று எந்தப் புதிய மருந்திற்கும் கட்டாயமாகக் கருதப்படும் சமவாய்ப்பு மருத்துவ ஆய்வுகளுக்கு இது முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது.

ஆனால் இவ்வாய்வின் கதை ஆறு மாதத்துடன் முடியவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். தொடக்கத்தில் தெரிந்த பெரும் வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. முதல் சில வாரங்களில் தேறிய நோயாளிகள் பலர் மீண்டும் நலிவுற்றனர். அவர்களின் சளியில் காணப்பட்ட கிருமிகளை ஸ்ட்ரெப்டோமைசினால் கொல்ல இயலவில்லை.

மருந்தெதிர்ப்பு தோன்றும் விதம்

மருந்து கிருமிகளை மாற்றியமைப்பதில்லை. முன்பே மாறியிருந்தவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. பாக்டீரியாக்கள் பெருகும்போது மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் நேர்கின்றன. இவை சடுதி மாற்றங்கள் எனப்படும். ரைபோசோமின் எஸ்12 என்னும் புரதத்திற்கான மரபணுவில் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தால், ஸ்ட்ரெப்டோமைசினால் ரைபோசோமுடன் சரிவரப் பிணைய முடியாமல் போகலாம்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு இயல்பாகவே அடங்காத கிருமி தோராயமாகப் பத்துக் கோடியில் ஒன்று எனக் கொள்வோம். காச நோயால் நுரையீரலில் ஏற்படும் ஒரு குழியில் பத்துக் கோடிக்கு மேலும் கிருமிகள் இருக்கக்கூடும். எனவே மருந்து கொடுக்கத் தொடங்கும் முன்பே அங்கு அடங்காத கிருமிகள் சில இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்கிறது, நோயாளி தேறுகிறார். எஞ்சிய சில கிருமிகள் போட்டியின்றிப் பெருகுகின்றன; நோய் திரும்புகிறது. இம்முறை மருந்து பயன் தருவதில்லை. இக்கிருமிகள் பிறருக்குத் தொற்றினால் அவர்களுக்கும் அம்மருந்து பயன்படாது.

இப்போது வேறு விதத்தில் செயல்படும் இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதாகக் கொள்வோம். அதற்கு அடங்காத கிருமியும் பத்துக் கோடியில் ஒன்று எனில், இரண்டிற்கும் ஒருசேர அடங்காத கிருமி அமைய 1-க்குப் பின் 16 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் ஒன்று என்னும் வாய்ப்பே உண்டு. எந்த நோயாளியின் உடலிலும் அத்தனை கிருமிகள் இருப்பதில்லை. கூட்டு மருந்து முறையின் அடிப்படை இதுவே.

கூட்டு மருந்து முறை

சுவீடனில் யோர்கன் லேமன் உருவாக்கிய பாரா-அமினோ சாலிசிலிக் அமிலம் என்னும் மருந்து 1946 இல் அறிவிக்கப்பட்டது. இதனை ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது மருந்தெதிர்ப்பு தோன்றுவது பெருமளவு குறைந்ததைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் அடுத்த ஆய்வு நிறுவியது.

1952 இல் ஐசோனியாசிட் என்னும் மருந்தின் ஆற்றல் ஒரே காலத்தில் பேயர், ஹோஃப்மன்-லா ரோச், ஸ்குவிப் ஆகிய மூன்று நிறுவனங்களாலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. ஆனால் இவ்வேதிப்பொருள் 1912 இலேயே பிராகு நகரில் உருவாக்கப்பட்டுப் பதிவாகியிருந்ததால், அதற்கு எந்நிறுவனமும் தனிக் காப்புரிமை கோர இயலவில்லை. விளைவாக, அது மலிவான மருந்தாக உலகெங்கும் பரவியது. இம்மூன்று மருந்துகளையும் இணைத்து நீண்ட காலம் கொடுத்ததன் மூலம் காச நோய் முழுமையாகக் குணமாகும் நோயாக மாறியது.

சென்னை ஆய்வுகள்

மருந்துகள் கிடைத்த பின்னும் ஏழை நாடுகளின் சிக்கல் தீரவில்லை. அக்காலத்தில் காச நோயாளிகளைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனைகளில் பல மாதங்கள் வைத்துப் பராமரிப்பது வழக்கம். சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியம் என்னும் ஊர்ப்பெயர் அவ்வழக்கத்தின் நினைவாக இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் படுக்கைகள் மிகச் சிலவே இருந்தன.

இதற்குத் தீர்வு காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து 1956 இல் சென்னையில் காச நோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். இம்மையத்தின் முதல் ஆய்வில் 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் வீட்டிலிருந்தோ சானடோரியத்திலோ மருந்து பெற்றனர். 1959 இல் வெளியான முடிவுகள் உலகை வியப்பில் ஆழ்த்தின. நெரிசலான வீடுகளில், போதிய உணவும் ஓய்வும் இன்றி வாழ்ந்த நோயாளிகளும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தினருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. இதன் பின்னர் உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது.

வீட்டில் மருத்துவம் பெறுவதில் ஒரு குறை இருந்தது. உடல் தேறியதும் பலர் மாத்திரைகளை நிறுத்திவிடுவர். மருந்தெதிர்ப்புக்கு இது வழிவகுக்கும். இங்கு ஸ்ட்ரெப்டோமைசின் மீண்டும் பயன்பட்டது. 1964 இல் வெளியான சென்னை ஆய்வில், நோயாளிகள் வாரம் இரு முறை மருத்துவமனைக்கு வந்து, பணியாளர் முன்னிலையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட்டும் பெற்றனர். நாள்தோறும் வீட்டில் மருந்து உட்கொள்ளும் முறைக்கு இது சற்றும் குறைந்ததாக இல்லை. பிற்காலத்தில் உலக சுகாதார அமைப்பு பரப்பிய நேரடிக் கண்காணிப்பு மருத்துவ முறைக்கு இவ்வாய்வுகள் அடித்தளமாயின. இம்மையம் தற்போது தேசிய காச நோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் சென்னை சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

பக்க விளைவுகள்

ஸ்ட்ரெப்டோமைசின் உட்செவியைப் பாதிக்கக்கூடியது. உடற்சமநிலையைக் காக்கும் உறுப்பு பாதிக்கப்படுவதால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் ஏற்படலாம். கேட்கும் திறன் குறையலாம். இப்பாதிப்பு பெரும்பாலும் நிலையானது. சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால் முதியோருக்கும் சிறுநீரகக் குறைபாடு உள்ளோருக்கும் மிகுந்த கவனத்துடன் கொடுக்கப்படுகிறது. கருவிலுள்ள குழந்தையின் செவியைப் பாதிக்கும் என்பதால் கருவுற்ற பெண்களுக்குத் தவிர்க்கப்படுகிறது.

சிலருக்கு ஒவ்வாமையும் ஏற்படும். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1948 இல் அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைப் பெற்றார். கடும் ஒவ்வாமை காரணமாக அது நிறுத்தப்பட்டு, எஞ்சிய மருந்து பிற நோயாளிகளுக்கு வழங்கப்பட்டது. ஆர்வெல் 1950 சனவரியில் காச நோயால் இறந்தார்.

பிற பயன்கள்

கொள்ளை நோய் எனப்படும் பிளேக், துலரேமியா, புருசெல்லா தொற்று ஆகியவற்றிற்கும் இம்மருந்து பயன்படுகிறது. அமெரிக்காவில் ஆப்பிள், பேரி மரங்களைத் தாக்கும் பாக்டீரியா நோய்க்கு இது தெளிக்கப்படுகிறது. இந்தியாவில் இது டெட்ராசைக்கிளினுடன் கலக்கப்பட்டு, நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய் போன்றவற்றிற்குப் பயன்படுத்தப்பட்டது. வயலில் தெளிக்கப்படும் மருந்து மண்ணிலுள்ள பாக்டீரியாக்களிடையே மருந்தெதிர்ப்பை வளர்க்கும் என்பதால், இதனைத் தடை செய்யும் வரைவு ஆணையை இந்திய அரசு 2021 இல் வெளியிட்டது.

இன்றைய நிலை

ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் முதலிய வாய்வழி மருந்துகளின் வருகைக்குப் பின் ஸ்ட்ரெப்டோமைசினின் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது. நோய் திரும்பியவர்களுக்கு வழக்கமான மருந்துகளுடன் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கூடுதலாகச் சேர்க்கும் முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. மற்ற மருந்துகளுக்குக் கிருமி முன்பே அடங்காதிருந்தால், இது ஒற்றை மருந்து கொடுப்பதற்கே ஒப்பாகும். 2017 இல் உலக சுகாதார அமைப்பு இம்முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. தற்போது பன்மருந்து எதிர்ப்புக் காச நோய்க்கு, வேறு வழிகள் பொருந்தாதபோது மட்டும், கிருமி இம்மருந்துக்கு அடங்குவது சோதனையில் உறுதியானால் இது கொடுக்கப்படுகிறது.

காச நோய் ஒழியவில்லை. உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி 2023 இல் ஒரு கோடியே எட்டு இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். பன்னிரண்டரை இலட்சம் பேர் இறந்தனர். நோயுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள்.

மறுபுறம், புதிய நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தேடும் நிறுவனங்கள் அருகி வருகின்றன. ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பி சில நாட்களோ மாதங்களோ மட்டுமே உட்கொள்ளப்படுகிறது. மேலும், புதிய மருந்தை இயன்றவரை பயன்படுத்தாமல் காப்பதே மருத்துவ நெறியாகும். எனவே விற்பனையை நம்பி ஆய்வுச் செலவை ஈடுகட்டுவது கடினம். ஸ்ட்ரெப்டோமைசினின் குடும்பத்தைச் சேர்ந்த பிளாசோமைசின் என்னும் மருந்து 2018 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை உருவாக்கிய அக்கோஜென் நிறுவனம் மறு ஆண்டே, 2019 ஏப்ரலில், திவால் மனு அளித்தது. மருந்தைக் கண்டுபிடிப்பதோடு, அது தேவைப்படுவோர் அனைவரையும் சென்றடையச் செய்வதும், சென்றடைந்தபின் அதன் ஆற்றல் கெடாமல் காப்பதும் 1940களைப் போலவே இன்றும் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல்களாக உள்ளன.

இவற்றையும் பார்க்க

காச நோய்
பெனிசிலின்
நுண்ணுயிர் எதிர்ப்பி
மருந்தெதிர்ப்பு
செல்மன் வாக்ஸ்மன்
எல்லப்பிரகடா சுப்பாராவ்